பெடல் சத்தத்தில் போன பக்கங்கள்

தையல்காரம்மா காது கொடுத்துக் கேட்கிறாரா இல்லையா என்பதை அவர் வீட்டுக்காரர் மெஷின் பெடலை வைத்தே சொல்லிவிடுவார். பிடித்த பேச்சென்றால் கால் மெல்ல ஆடும். பிடிக்காவிட்டால் மெஷின் பறக்கும். அந்த இரைச்சலில் யார் பேச்சும் எடுபடாது.

வீட்டுக்காரர் வேன் ஓட்டி ஓய்ந்தவர். சாயங்காலங்களில் கடையில் உட்கார்ந்து நூலகத்துப் புத்தகம் எதையாவது வாய்விட்டு வாசிப்பார். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன மனைவிக்கு அதுதான் மிச்சப் பள்ளிக்கூடம். ஒருமுறை அவர் கொண்டு வந்தது, சில நூறு வருஷத்துக்கு முன் மேல்நாட்டு ஞானி ஒருவர் எழுதிய தத்துவப் புத்தகத்தின் தமிழாக்கம். அந்த மனிதர் நெருப்புக்குப் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டே, நான் பார்ப்பதெல்லாம் கனவோ என்று யோசிக்கிறார். இந்தக் கை என்னுடையதுதானா என்றும் கேட்கிறார்.

“ஊசி ஏறினா தெரிஞ்சிடும் யார் கைன்னு” என்றார் தையல்காரம்மா. இருவருக்கும் அன்று சிரித்து மாளவில்லை.

மறுநாள் சிரிப்பு வரவில்லை. வானமும் பூமியும் நிஜமில்லாமல், கெட்ட சக்தி ஒன்று அப்படிக் காட்டி நம்மை ஏமாற்றுகிறதென்றால் என்று கேட்டது புத்தகம். ஊசியில் நூல் கோக்கும்போதுகூடக் கடவுள் பெயரைச் சொல்பவர் தையல்காரம்மா. புருஷன் மனசு கலைந்து, காலையில் பக்கத்தில் நின்று கும்பிட வராமல் போய்விட்டால் என்ன செய்வது?

“மூடி வைங்க. சாமிய சந்தேகப்படற புஸ்தகம் என் கடையில வேணாம்.”

“இன்னும் கொஞ்சம்மா. அடுத்தத கேட்டுட்டுத் திட்டு.”

பெடல் பறந்தது. அவர் குரலை உயர்த்தி இரண்டு வரி வாசித்துப் பார்த்தார். பிறகு வாய்க்குள் வாசித்துக்கொண்டார். அன்றோடு வாய்விட்டு வாசிப்பதே நின்றது. கோபமெல்லாம் இல்லை, கேட்டால், உனக்கு வேலை கெடும் என்பார். காலைக் கும்பிடுக்கு மட்டும் தவறாமல் வந்து நின்றார். தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார் தையல்காரம்மா.

பிறகு பக்கவாதம் வந்து வீட்டுக்காரருடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோயிற்று. கடையிலேயே, மெஷினுக்கு எதிரே அவருக்குக் கட்டில் போட்டார்கள். எதையாவது வாசித்துக் காட்டுங்கள் என்றார் டாக்டர். எந்தப் புத்தகத்தைச் சொன்னாலும் வேண்டாமென்று தலையசைத்தார் மனிதர். கடைசியில் அம்மா தயங்கித் தயங்கி, “அந்தக் கைக்காரர் புஸ்தகமா?” என்று கேட்டார். ஆமாம் என்று தலை ஆடியது.

நூலகத்தில் அது அப்படியே இருந்தது. விட்ட இடத்திலிருந்து விரல் வைத்து, எழுத்துக்கூட்டி வாசித்தார் அம்மா. ஏமாந்தாலும் ஏமாறுகிற நான் இருக்கிறேனே என்கிறார் ஞானி. அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறவர், கடவுள் இருக்கிறார், ஏமாற்றுவது அவர் குணமில்லை என்று வந்து நிற்கிறார். அம்மா அந்த இடத்தைத் திரும்பவும் வாசித்தார். விரல் நகரவில்லை.

“அடுத்ததுலயே இருக்கேங்க. அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

அவர் இடது கையைத் தூக்கி மெஷினைக் காட்டினார். வாய் பாதி மட்டும் சிரித்தது.

அம்மா ஸ்டூலைக் கட்டிலுக்கு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு மேலே வாசித்தார். நடுவே நிறுத்தி, இந்த வரி அவர் குரலில் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். காதில் வந்தது மெஷின் சத்தம்தான்.