சீட்டைப் பார்த்தால் பீர் தெரியும்

முளைகட்டிக் காயவைத்த பார்லியின் வேரைத் தேய்த்து உதிர்ப்பதற்கு நடுநடுவே இதை எழுதுகிறேன். பர்மாவில், லான்மடாப் பகுதியில் எங்கள் மளிகைக் கடை. வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் எங்களிடம்தான் சாமான் வாங்குவார்கள். கடையில் நிற்கிற பெண்களே, உங்களுக்குத் தெரியும்: வாங்குகிறவர் வாய் திறக்காவிட்டாலும் சாமான் சீட்டு பேசிவிடும்.

கோதுமைச் சீட்டு

நான் நாலாவதோடு நின்றவள். பீரை வாயில் வைத்ததும் இல்லை. ஆனாலும் கட்டிக் கொடுத்துக் கொடுத்தே பிடிபட்டுவிட்டது: கருக வறுத்த பார்லி என்றால் கறுப்பு பீர், வெளிறிய பார்லியும் கசப்புக்குப் போடுகிற ஹாப் பூவும் மட்டும் என்றால் மஞ்சள் பீர். ஒருநாள் ரயில்வேக்காரர் ஒருவர் கோதுமை, கொத்தமல்லி விதை, காய்ந்த ஆரஞ்சுத் தோல் என்று எழுதி நீட்டினார். "கலங்கலா, வெள்ளையா வருமே, அந்த பீரா?" என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். அவர் என் வீட்டுக்காரரிடம் திரும்பி, "என்னய்யா, உன் சம்சாரம் திருட்டுத்தனமாக் குடிக்குதா?" என்றார்.

கிறிஸ்துமஸ் சீட்டு

ஞானமுத்து ஐயா குமாஸ்தாவாக இருந்தவர். வருஷா வருஷம் ஆடி மழையில் கருகின பார்லியும் வெல்லமும் வாங்குவார். அந்தக் கறுப்பு பீர் கிறிஸ்துமஸ் வரை புட்டியில் கிடந்தால்தான் ருசி. அந்த வருஷம் அவர் சீட்டில் வெளிறிய பார்லி, கொஞ்சம் ஹாப் பூ, அவ்வளவுதான். மூன்று வாரத்தில் குடித்து முடிக்கிற பீர்.

மறுநாள் அவர் மனைவி மா கின் அக்கா வந்தார். கூச்சமில்லாமல் நான் பேசுகிற ஒரே ஆள். "என்னக்கா, கிறிஸ்துமஸுக்குக் கறுப்பு பீர் இல்லையா? ஐயா சீக்கிரம் ஆகிறதா வாங்கிட்டுப் போனாரே" என்று கேட்டுவிட்டேன். வாரத்துக்கு ஒரு குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த சமயம் அது. அக்காவின் பர்மாக்கார அம்மா ஆற்றுக்கு அந்தப் பக்கம், டாலாவில் தனியாக இருந்தார். அக்கா பையை மெதுவாகக் கீழே வைத்தார். "என்கிட்ட சொல்லாததை உன் கடையில எழுதிக் குடுத்திருக்காரு, பாரு."

ஐயா வந்தது

இரண்டாம் நாள் ஐயா வந்தார். நான் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் சத்தமே போடவில்லை. "கப்பல் டிக்கெட் எடுத்ததைக் கடைசி நாள்ல சொல்லலாம்னு இருந்தேம்மா. காலையில படகேறி அவ அம்மாகிட்ட போயிட்டா. இனி கப்பலுக்கு வருவாளோ, மாட்டாளோ."

அக்கா வந்தது

கப்பலுக்கு முந்தின நாள் அக்கா ஐயாவோடு போக டாலாவிலிருந்து திரும்பினார். கண் வீங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்ததுமே நான் அழுதுவிட்டேன். அக்கா சொன்னார்: "அழாதடி. மூணு வாரம் அம்மாவுக்குத் தலை வாரி விட்டேன். நீ சொல்லலேன்னா, அவருக்கு பீர் புட்டி கழுவிக்கிட்டு இருந்திருப்பேன்."

சீட்டைப் படிக்கிறது பெரிய வித்தையில்லை, படித்ததை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம், அதற்கு நான் கண்ட வழி, யார் சீட்டு நீட்டினாலும் முதலில் – இதோ, பிள்ளை முழித்துவிட்டானென்று வீட்டுக்காரர் உள்ளேயிருந்து கூப்பிடுகிறார், நான் –