படித்துக் காட்டும் போன்

என் பழைய போனைக் கொன்றது எங்கள் வீட்டுக் கிடாரிக் கன்று. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். இடுப்பில் செருகியிருந்த போனை அது நாக்கால் வளைத்து இழுத்து, புண்ணாக்குக் கரைத்து வைத்த தொட்டிக்குள் தள்ளிவிட்டது. எடுத்துத் துடைத்து இரண்டு நாள் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். உயிர் வந்தது. ஆனால் திரையின் கீழ்ப்பாதி முழுக்கப் பச்சைக் கோடுகள். மேல்பாதியில் தெரிகிற உலகத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினேன்.

அடுத்து எந்த போன் வாங்கலாம் என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சார்ஜ் மூன்று நாளைக்கு நிற்க வேண்டும் என்றார் என் வீட்டுக்காரர். அவர் ஒரு நாளைக்குப் பேசுவது மொத்தம் மூன்று வார்த்தை, அதற்கு எதற்கு மூன்று நாள் சார்ஜ் என்று கேட்டேன். கோயம்புத்தூரில் படிக்கிற மகன் எண்களாகவே பேசினான். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. அம்மிணிதான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

"உங்களுக்கு எதுக்குங்கக்கா அத்தாச்சோட்டு போனு? சின்னதா ஒண்ணு போதுமுங்க. படிச்சுச் சொல்றதுக்கு நானிருக்கறனல்லங்க."

அம்மிணி பக்கத்துத் தோட்டத்துக்காரி. என்னைவிட நான்கு வயது சின்னவள். நான் அவளை அப்படித்தான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எங்கள் ஊர் மீனாட்சிபுரத்துக்குப் பக்கம், எல்லையில் கேரளா பக்கம். பேச்சு, சண்டை, கோயில், சாவு எல்லாம் தமிழில் நடக்கும். காகிதம் என்று ஒன்று வந்தால் மட்டும் மலையாளத்தில் வரும். நான் எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்து, பிளஸ் டூ வரை தமிழில் படித்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். மலையாளம் பேசச் சொன்னால் கண்டக்டரோடு வாதாடி இரண்டு ரூபாய் சில்லறை வாங்கிவிடுவேன். எழுத்தைக் காட்டினால் கண்ணைக் கட்டிவிடும். என் வீட்டுக்காரரும் தமிழில் படித்தவர்தான், அதுவும் ஐந்தாவதோடு சரி. அம்மிணி எங்களைப் போலத் தமிழ் வீட்டுப் பெண்தான், ஆனால் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வாய் நிறையத் தமிழ் பேசுவாள், தமிழில் ஒரு கடைப் பலகையைப் படிக்கத் தெரியாது.

அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. அவளுக்கு வருகிற தமிழ்க் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கோயம்புத்தூர் டாக்டர் எழுதிக் கொடுத்த பத்தியம் எல்லாவற்றையும் நான் படித்துச் சொல்வேன். எனக்கு வருகிற பஞ்சாயத்துக் கடிதம், ரேஷன் கடைச் சமாச்சாரம், பால் சொசைட்டியின் வாட்ஸப் குழுவில் வரும் அறிவிப்பு எல்லாவற்றையும் அவள் படித்துச் சொல்வாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு படித்த பெண் என்று சொல்லிச் சிரிப்போம். பதினான்கு வருஷமாக இப்படித்தான். விடியற்காலையில் பால்கேனோடு சொசைட்டிக்குப் போவதும் ஒன்றாகத்தான்.

போன ஆடியில் குழுவில் ஒரு தாளின் போட்டோ வந்தது. சொசைட்டி என்பதும் வேலை என்பதும் அதில் இருந்த படத்தையும் முத்திரையையும் பார்த்து ஊகித்தேன். வழக்கம்போல அம்மிணிக்கு அனுப்பினேன். வழக்கம்போல அவள் குரலில் பதில் வந்தது.

"அக்கா, அது பால் டெஸ்ட் பண்ற வேலைக்குங்க. மலையாளம் எழுதப் படிக்கக் கட்டாயம் தெரியோணுமாமுங்க. நமக்கு ஆவாதுங்க."

எனக்கு அந்த வேலை மேல் ஆசை இருந்தது. சாதாரண ஆசை இல்லை. பிளஸ் டூ பாஸ் பண்ணிவிட்டு இருபது வருஷம் சாணி அள்ளியவளுக்கு, ஒரு நாற்காலியும் மேஜையும் மாசச் சம்பளமும் என்றால் எப்படி இருக்கும்? எனக்கு அப்போது முப்பத்தொன்பது முடிந்து நாற்பது நடந்துகொண்டிருந்தது. ஆகாது என்று தெரிந்த பிறகும் அந்தப் போட்டோவை அழிக்க மனசு வரவில்லை. கன்றுக்குட்டிகளின் போட்டோக்களுக்கு நடுவில் அதுவும் கிடந்தது.

ஆவணியில் அந்த வேலை அம்மிணிக்குக் கிடைத்தது. "யாரும் எழுதிப் போடலியாமுங்க. செக்ரட்டரி வலியக் கூப்பிட்டுக் குடுத்தாருங்க" என்றாள். அவளுக்குத்தான் மலையாளம் தெரியுமே, கிடைக்காமல் எங்கே போகும் என்று நானே என் மனசுக்குச் சமாதானம் சொன்னேன். பால்கோவா கிண்டி எடுத்துக்கொண்டு போய் அவள் வாயில் ஊட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

தை மாதம் ஒரு நாள், காலைப் பால் முடிந்ததும் இரண்டு பேரும் பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்குப் போனோம். போன் பார்த்துக் கொடுக்கத்தான் அவள் வந்தாள். சாயங்காலப் பால் கறக்க மூன்று மணிக்குள் திரும்ப வேண்டும். கடையில் இருந்த பெண் இரண்டு போன்களை எடுத்து வைத்தாள். ஒன்று கைக்கு அடக்கமானது, இன்னொன்று கொஞ்சம் பெரியது. அம்மிணி சின்னதை என் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்கு மலையாளம் படிக்க வராதும்மா. அதுக்கு ஏதாவது வழி இருக்குதா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"இருக்குதுங்களே. கேமராவைக் காட்டினா அதுவே சத்தமாப் படிக்கும். கேரளாவுல இருந்து வர்றவங்க நெறையப் பேரு கேக்கறாங்க. ஏதாச்சும் மலையாள எழுத்து வெச்சிருக்கீங்களா?"

பழைய போனை நீட்டினேன். அவள் போட்டோக்களைத் தள்ளிக்கொண்டே போனாள். கன்று, கன்று, மாடு, பேரம் பேசிய தீவன மூட்டை, மறுபடியும் கன்று. மலையாள எழுத்துள்ள படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை மேல்பாதிக்கு நகர்த்தி, பெரிய போனை அதன்மேல் பிடித்தாள்.

"பொழுதாச்சுங்கக்கா, மாட்டுக்கு நேரமாச்சு. சின்னதையே வாங்கிட்டுப் போலாமுங்க" என்றாள் அம்மிணி. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

போன் படிக்க ஆரம்பித்தது. செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு பெண் குரல். சொசைட்டியின் பேர் வந்தது, வேலையின் பேர் வந்தது. "பிளஸ் டூ பாஸாயிரிக்கணம். பிராயம் நாற்பது வயசு கவியருது. தமிழ் எழுதானும் வாயிக்கானும் அறியுன்னவர்க்கு முன்கணன."

நாற்பது வயதைத் தாண்டக் கூடாது. தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு முதலிடம். மலையாளம் கட்டாயம் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. பால் ஊற்ற வருகிறவர்கள் எல்லாம் தமிழர்கள், கேட்டிருப்பதும் தமிழ்தான். எனக்காகவே எழுதியது மாதிரி இருந்தது அந்தத் தாள். மார்கழியில் எனக்கு நாற்பது முடிந்துவிட்டது.

"இன்னொரு தடவை வெய்யம்மா" என்றேன். அது திரும்பவும் அதையே படித்தது. அம்மிணி ஒரு போன் கவரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விலை அச்சடித்த பக்கத்தையே நான்கு தடவை பார்த்தாள்.

"நல்லாப் படிக்குதுங்களா?" என்று கடைப்பெண் கேட்டாள். "இது இந்தச் சின்ன போன்லயும் வரும். உங்க பழைய போன்லயும் இருந்திருக்கும், யாராச்சும் காட்டிக் குடுத்திருந்தா."

நான் பெரியதை வாங்கினேன். யாரிடமும் யோசனை கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு பேர் உட்காருகிற சீட்டு ஒன்றுதான் காலியாக இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அம்பராம்பாளையம் ஆற்றுப்பாலம் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"ஏனம்மிணி, நீ என்னத்தப் படிச்சே, எங்கிட்ட என்னத்தச் சொன்னே?"

மறந்துவிட்டேன், சரியாகப் பார்க்கவில்லை என்று அவள் ஒரு பொய் சொல்லியிருந்தால் பாதியாவது நம்பியிருப்பேன். நம்பத்தான் ஆசைப்பட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க எழுதிப் போட்டிருந்தா உங்களுக்குத்தானுங்கக்கா கெடைச்சிருக்கும். எனக்குத் தமிழெழுத்துத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியுமல்லங்க."

"வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் உட்டுக் குடுத்திருக்க மாட்டனா?"

"குடுத்திருக்க மாட்டீங்க."

அது உண்மை. விட்டுக் கொடுத்திருக்க மாட்டேன். அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. என்னை இவ்வளவு தெரிந்து வைத்துக்கொண்டு, கூடவே நடந்து குழி பறித்திருக்கிறாள்.

நானும் ஒன்றும் பொய் சொல்லாதவள் இல்லை. ஒருமுறை அவள் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் தமிழில் ஒரு செய்தி அனுப்பினார்கள். பெண் நிறம் கம்மி என்று அதில் ஒரு வரி இருந்தது. அதை விழுங்கிவிட்டு, ஜாதகம் சேரவில்லையாம் என்று படித்துச் சொன்னேன். அவள் நோகக் கூடாது என்று விழுங்கினேன். இரண்டும் ஒன்றா என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். இல்லை, ஒன்றில்லை. இப்படி அடித்துச் சொல்வதற்கும் எனக்கு மீனாட்சிபுரம் வரைக்கும் ஆனது.

இறங்கும்போது, "வாரேனுங்கக்கா" என்றாள். எப்போதும் போல அந்த 'ங்க' மட்டும் குறையவில்லை.

மறுநாள் காலை பால்கேனை எடுத்துக்கொண்டு தனியாக நடந்தேன். சொசைட்டியில் வரிசை நீளமாக இருந்தது. மேஜைக்குப் பின்னால் நாற்காலியில் அம்மிணி. ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் பாலை எடுத்து மெஷினில் வைப்பாள், கொழுப்பு எவ்வளவு என்று எண் விழும், அவள் சத்தமாகச் சொல்லிவிட்டுச் சீட்டில் எழுதுவாள். எண் விழுகிற பக்கம் அவளைப் பார்த்து இருக்கும். நான்கைந்து மாதமாக அவள் சொன்னதுதான் எனக்கு எண். ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

என் முறை வந்தது.

"நாலு ஒண்ணுங்கக்கா" என்றாள்.

"மெஷினை இக்கட்டத் திருப்பு" என்றேன்.

வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அந்தச் சொசைட்டியில் அப்படி யாரும் யாரையும் கேட்டதில்லை. அம்மிணியின் முகம் சுண்டிப்போனது. இரண்டு கையாலும் மெஷினைப் பிடித்து என் பக்கம் திருப்பி வைத்தாள்.

நாலு புள்ளி ஒன்று. அவள் சொன்னது அப்படியே இருந்தது.

"செரியா இருக்குதுங்களாக்கா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு, காலிக் கேனோடு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாளும் திருப்பச் சொன்னேன்.