வாய்க்கால் கரைக்கு ஏற்ற டயர்

என் அக்கா குண்டடம் தாண்டி, தாராபுரம் போகிற வழியில் ஒரு தோட்டத்தில் தனியாக இருக்கிறாள். நாங்கள் இருப்பது கோயம்புத்தூரில், சிங்காநல்லூர் பக்கம். என் கணவர், வேலை ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் கூட்டிப்போவார். ஓயாவிட்டால் போனில் பேசிக்கொள்வதோடு சரி. தார் ரோட்டுக்கும் மண்பாதைக்கும் ஆகிற ஹைப்ரிட் சைக்கிள் வாங்கிய அன்றே, ஒருநாள் அவள் வீட்டுக்கு மிதித்தே போய்விடுவது என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

முதல் முயற்சி கேவலமாக முடிந்தது. பல்லடம் வரை தார் ரோடு, சைக்கிள் காற்றாகப் போனது. அதற்கு மேல் லாரிகளுக்குப் பயந்து வாய்க்கால் கரையில் இறங்கினேன். கரை முழுக்கச் சரளைக்கல், இடையிடையே செம்மண் புழுதி. சைக்கிளோடு கூடவே வந்த மெல்லிய டயர் சரளையில் வழுக்கி, நான் முழங்கை தேயக் கீழே விழுந்தேன். எழுந்து பார்த்தால் பின்சக்கரம் ஒரு பக்கமாக வளைந்திருந்தது. முன் டயரில் வேலாமுள் ஏறிக் காற்று போயிருந்தது. கணவருக்குப் போன் செய்தேன். அவர் வரும்வரை கரையோரம் நிழலில் உட்கார்ந்திருந்தேன்.

"போதும். இனிமே கார்லயே போய்க்கலாம்," என்றார் சைக்கிளைக் காரில் கட்டிக்கொண்டே.

"சைக்கிள் மேல தப்பில்லைங்க. இந்த டயர் இந்தக் கரைக்கு ஆகாது. மாத்திப்போட்டு மறுபடியும் போறேன்."

அவர் கயிற்றை இறுக்கிவிட்டு வண்டியை எடுத்தார். வீடு வரும்வரை ரேடியோ கேட்டுக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரம் சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். என் முழங்கைக் கட்டைப் பார்த்ததுமே, மலையில் ஓட்டுகிற, மேலெல்லாம் ரப்பர் முண்டு துருத்திய பட்டன் டயர் ஒன்றை எடுத்து வைத்தார்.

"இதைப் போட்டுக்கங்க அக்கா. எந்தக் கல்லுலயும் வழுக்காதுங்க."

"எனக்குப் பாதிக்கு மேல தார் ரோடுங்க. இந்தப் பட்டனோட அவ்வளவு தூரம் மிதிச்சா கால் ஓஞ்சுபோயிருமுங்க. அதுவுமில்லாம இது உள்ளயே போகாது."

நான் ஒரு பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் வேலை செய்கிறேன். அளந்து பார்க்காமல் எதையும் எடுக்க மாட்டேன். முன்தினமே வெர்னியர் அளவுகோல் வைத்து, பின் டயருக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அளந்திருந்தேன். நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் டயர் போட்டால் சேறு ஒட்டியதும் உரசும். முப்பத்தெட்டு போட்டால் இரண்டு பக்கமும் சேறு உதிர்ந்து விழுகிற இடம் இருக்கும், ரிம்மின் அகலத்துக்கும் பொருந்தும். நடுவில் வழவழப்பாகவும் ஓரத்தில் மட்டும் சிறு பட்டன்களோடும், முள் தாங்க அடியில் தடித்த பட்டையோடும் ஒரு டயர் கேட்டேன். கடையில் இல்லை. வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்.

சக்கரத்துக்குத்தான் கொஞ்சம் விவாதம். கம்பிகள் குறைந்த, பார்க்க அழகான, எடை இல்லாத சக்கரம் ஒன்றைக் காட்டினார். எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் அதில் ஒரு கம்பி அறுந்தாலே சக்கரம் ஆடத் தொடங்கிவிடும், வாய்க்கால் கரையில் யாரைத் தேடுவது? இரட்டைச் சுவர் ரிம்மில் முப்பத்திரண்டு கம்பி கோத்த கனமான சக்கரத்தையே பின்னால் போடச் சொன்னேன். வளைந்தாலும் பெண்டு எடுத்துக்கொள்ளலாம்.

டயர் வந்து மாட்டியதும், பழகுவதற்கு மதுக்கரைப் பக்கம் போனேன். அங்கே லாரி ஓடி ஓடிக் குழிந்த மண்பாதைகள் நிறைய உண்டு. கடையில் காற்றைக் கல் மாதிரி அடைத்துக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் சைக்கிள் துள்ளியது, கையெல்லாம் மரத்துப்போனது. கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கிப் பார்த்தேன். ரொம்ப இறக்கியபோது ரிம் கல்லில் இடித்தது. மறுபடி ஏற்றி, கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக அமுங்குகிற பதத்தில் நிறுத்தினேன். அப்போதுதான் டயர் சரளையைப் பிடித்துக்கொண்டு போனது.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடியலில் கிளம்பினேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முதுகில் தள்ளியது. பல்லடம் தாண்டி வாய்க்கால் கரையில், முன்பு விழுந்த அதே சரளையில் வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலை இறுக்காமல், பெடலை விடாமல் மிதித்தேன். பின்சக்கரம் ஒருமுறை நழுவித் தானே நேரானது. வழியில் டயரில் குத்தியிருந்த ஒரு முள்ளைப் பிடுங்கினேன். காற்று போகவில்லை.

அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தவள் எனக்குப் பின்னால் கார் வருகிறதா என்று தேடினாள்.

"ஏங்கண்ணு, அவரு எங்க?"

"ஊட்ல இருக்கறாரு. நான் மட்டும்தான் வந்தேன்."

"இதுலயா?" என்று கேட்டவள், பக்கத்தில் வந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். முந்தானையெல்லாம் செம்மண். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் பேசியதுபோல் பல வருடங்களாகப் பேசியதில்லை. கார் எடுக்கவேண்டுமே என்று யாரும் மணியைப் பார்க்கவில்லை.

மறுநாள் திரும்புகையில் முதுகில் தள்ளிய காற்று நெஞ்சில் மோதியது. அகலமான டயர், கனமான சக்கரம், எதிர்க்காற்று எல்லாம் சேர்ந்து என்னை நடை வேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டன. நான் பல்லடம் வந்தபோது கணவர் போன் செய்தார்.

"வரட்டுமா?"

"வேண்டாமுங்க. மெதுவா வாரேன். சோறு மட்டும் வெச்சுருங்க."

இருட்டுவதற்குள் வீடு சேர்ந்தேன். சோறும் ரசமும் ஆறாமல் இருந்தன.