அலகு தாங்கிய கன்னமும் ஊசி தாங்காத கையும்

வலது கை போய்விடும் என்றார்கள். நான் கிராணி, ஆபீசில் பேனா பிடித்துப் பிழைப்பவன். சண்டையில் ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்த இரண்டாம் வருடம், ஆடி மாதம். டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுப் பின்புறம் மரவள்ளிக்கு மண் கொத்தும்போது துருக்கம்பி ஒன்று உள்ளங்கையில் ஏறிவிட்டது. நாலே நாளில் கை பன்னு மாதிரி வீங்கிச் சீழ் கட்டியது.

மருந்துச்சாலைக்குப் போனேன். கீறுவதற்கு முன் மரத்துப்போக ஊசி போடவேண்டும் என்றார் அங்கே புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரசர். அந்தக் காலத்தில் புது ஊசி ஏது? தேய்ந்ததையே கல்லில் தீட்டிப் போட்டார்கள். அதை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அவர் ஒரு வார்த்தை சொல்லாமல், வீங்கிய இடத்திலேயே குத்தி, மருந்தை ஒரே அமுக்காக அமுக்கினார். உயிர் போய் வந்தது. கத்திக்கொண்டே கையை உதறிவிட்டேன். கிடைத்தற்கரிய மருந்து தரையில் சிந்தியது.

"பூசத்துக்குக் கன்னத்தில வேல் குத்துற ஆளுதானே நீ? ஊசிக்கு இப்படிக் கத்துறே! எல்லாம் வேஷமா? நாளைக்கு வா. நாளைக்கும் உதறினா கையை வெட்டத்தான் வேணும் லா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சண்டைக்கு முன் மூன்று பூசம் அலகு குத்தி மலையேறியவன் நான். ஒரு நிமிடத்தில் என் பக்தியே பொய்யாகிவிட்டது.

அங்கிருந்து நேரே முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்கு நடந்தேன். கும்பிடப் போகவில்லை, சண்டை போடத்தான் போனேன். கை விண்விண்ணென்று தெறித்தது. படியில் நின்றே கேட்டேன்: "உனக்காகக் குத்தினப்ப வலிக்கலியே, இன்னிக்கு எங்கடா போனே? வலியே வேணாம்னு கேக்கல. என்னை மனுஷனா நெனச்சுத் தொடுற ஒரு கையை அனுப்பு. அனுப்பலேன்னா இனி இந்த மலைப்பக்கம் வரமாட்டேன்." அதுதான் என் பிரார்த்தனை. சொல்லிவிட்டு அழுதேன்.

மறுநாள் காலையில் டிரசர் வேறொருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டது ஒரு நர்ஸ் மிஸ்ஸி, யாழ்ப்பாணத்துப் பெண். நேற்று நடந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் சிரிக்கவில்லை.

"அண்ணை, அலகு குத்தேக்கை என்ன செய்தவை?"

"கன்னத்துல திருநீறு வச்சு அமுக்குவாங்க. சதையை இறுக்கிப் பிடிப்பாங்க. வேல் வேல்னு கத்தச் சொல்லி, மெதுவாத்தான் ஏத்துவாங்க."

"அப்ப நானும் அப்பிடியே செய்யிறன். நீங்களும் சொல்லுங்கோ."

மருந்துக் குப்பியை உள்ளங்கைக்குள் பொத்திச் சூடேற்றினார். வீக்கத்தைத் தொடவில்லை. மணிக்கட்டுப் பக்கம் தோலை இறுக்கிப் பிடித்து, "இப்ப குத்தப் போறன்" என்று சொல்லிவிட்டுத்தான் குத்தினார். என் முகத்தைப் பார்த்துப் பார்த்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். நான் வேல் வேல் என்றேன். எறும்பு கடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். கை மரத்தது. டாக்டர் வந்து கீறிச் சீழெடுத்தார். கை பிழைத்தது.

நன்றிதான் முதலில் வந்திருக்கவேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. இப்படிப் போட முடியுமென்றால் நேற்று ஏன் போடவில்லை? டிரசரிடமே கேட்டேன்.

"பிள்ளைங்கன்னா மெதுவாப் போடுவோம். பெரிய ஆளுக்கு எதுக்கு லா?"

வளர்ந்தவன் தோல் என்ன மாட்டுத்தோலா? ஒரு சுருட்டுப் பற்றவைக்கும் நேரம்தான் அந்த மிஸ்ஸிக்கு அதிகமாயிற்று. அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் ஒருவனைக் கதறவைத்து, ஊர் சிரிக்கவைத்து, அவன் பக்தியையும் சேர்த்து ஏசினார்களா?

அடியார்களே, அந்தக் கைதான் இதை எழுதுகிறது. முருகன் என் வலியை மாயமாக்கவில்லை. தொடத் தெரிந்த ஒரு கையை அனுப்பினான். அன்று முதல், ஊசிக்குப் போகும் அக்கம்பக்கத்தாரோடு நானும் போய் நிற்கிறேன். "சொல்லிட்டுப் போடுங்க, மெதுவாப் போடுங்க" என்று கேட்கிறேன். முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

நீங்களும் அவனிடம் கேளுங்கள். கோபமாகவே கேளுங்கள், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதுதான் பக்தி என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள். தனக்காக ஏற்றும் அலகுக்கே, கன்னத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு கையை வைத்தவன் அவன்.