பால் பொங்காத ஓவனில் நெய்மீன்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். மாத்திரை அட்டையிலிருந்து கோர்ட் நோட்டீஸ் வரை, அச்சடித்த எதுவானாலும் என்னிடம்தான் வரும். அக்காவைக் கட்டிய சென்னை அத்தானுக்கு மட்டும் என் படிப்பின்மேல் மதிப்பு வரவில்லை. "ஓட்டல்ல கிரில் மீன் சாப்பிட்டேன். உங்க தென்காசில அதெல்லாம் எங்க மச்சான்?" என்பார்.

இந்தச் சாரல் சீசனுக்கு அக்காவும் அத்தானும் வந்தபோது ஓவன் வாங்கிவிட்டேன். இருவரும் குற்றாலம் ஐந்தருவியில் குளிக்கப் போயிருந்தார்கள். செங்கோட்டையில் வாங்கிய நெய்மீன் துண்டுகளில் மிளகாய்ப்பொடி, பூண்டு, எலுமிச்சைச் சாறு தடவி ஊறவைத்தேன். ஓவனோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை, பத்திரம் படிப்பதுபோல் வீட்டாருக்கு உரக்க வாசித்தேன். முதலில் பத்து நிமிடம் சும்மா சூடாக்க வேண்டும்.

"காலிப் பொட்டிக்கு எதுக்குலே கரண்டு?" என்றாள் அம்மா. மீன் தட்டைப் பார்த்ததும் குறுக்கே வந்து நின்றாள். "புது அடுப்புல பால் பொங்காம கவிச்சியை வைப்பாவளா?"

ஓவன் கண்ணாடிக்குக் குங்குமம் வைத்தாள். மேல்கம்பி செக்கச்செவேலென்று எரிய, அதன் கீழே பால் பாத்திரம். சூடு மேலிருந்து மட்டும் வருகிறது, பால் பொங்காது என்று அறிவியல் சொன்னேன். அரைமணி நேரத்தில் பாலின்மேல் ஆடை கட்டி, கருகி, அப்பளமாயிற்று. பொங்கவில்லை.

"படிச்சவன் வாங்கின அடுப்பு, பால்கூட காய மாட்டேங்கு" என்றார் அப்பா.

வாசலில் ஈரத்தலையோடு அத்தான். "மச்சான், ஓவன் மீன் ரெடியா? பசி கொல்லுது!"

அறிவியலைக் கைவிட்டேன். கீழ்க்கம்பியையும் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பால் உற்சாகமாகப் பொங்கி, கம்பியில் வழிந்து, படார் என்றது. வீடு முழுக்கக் கரண்ட் போயிற்று.

"சாரல் நேரம்லா, அடிக்கடி போகும் மாப்ள" என்று அப்பா அவரை முன்னறையில் உட்காரவைத்தார்.

அம்மா மீன் தட்டை எடுத்துக்கொண்டாள். கேஸ் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு, எண்ணெய் விட்டு, பத்தே நிமிடத்தில் எல்லாத் துண்டையும் பொரித்துவிட்டாள்.

அத்தான் ஆறு துண்டு சாப்பிட்டார். "என்ன இருந்தாலும் ஓவன் மீன் ருசியே தனி. யார் செஞ்சது அத்தே?"

"எம் மவன்தான். அந்தப் புத்தகத்தைப் படிச்சு படிச்சுல்லா செஞ்சான்."

அத்தான் முதன்முறையாக என்னை மரியாதையோடு பார்த்தார். "எத்தனை டிகிரி மச்சான்?"

"இருநூத்தி இருபது" என்றேன்.

அதைப் போனில் குறித்துக்கொண்டார்.