பாக்கியம் அத்தை சாப்பிட்ட காளான்

போன வாரம் மழை விட்ட ஒரு காலையில், ஹட்டனில் எங்கள் வீட்டுப் பின்சுவரோரம் வெள்ளை வெளேரென்று காளான் முளைத்திருந்தது. மகன் அதன் முன்னால் குந்தி, போனை நேராகப் பிடித்து, "அம்மா, இது திங்கிற காளானாம். போன் சொல்லுது" என்றான். அவன் வாய் மூடுவதற்குள் நான் செருப்புக் காலால் அத்தனையையும் எற்றித் தள்ளிவிட்டேன். பிறகு ஓடிப்போய்க் கையைக் கழுவினேன். உதைத்தது கால், கழுவியது கை. அவன் சிரிக்காமல் என்ன செய்வான்?

அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவேன். வாசலில் நிற்க முடியாமல் சுவரோரம் போவேன், ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க. "ஒங்களுக்கு என்ன ஆச்சு?" என்று மகன் இரண்டு தரம் கேட்டான். அவனிடம் சொன்னால் அதையும் போனில் தேடிப் பார்ப்பான். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

காளான் என்றால் எனக்கு முதலில் வாசம்தான் வரும். ஈரமண்ணும் மட்கிய இலையும் கலந்த ஒரு வாசம். அப்பா சாக்கை விரித்துக் கொட்டும்போது எங்கள் ஒற்றை அறைக் காம்பரா முழுக்க அது நிறையும். பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள் இருந்த லயத்தில் குடியிருந்தோம். மழைக்காலம் தொடங்கி இரண்டு நாள் இடி இடித்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அப்பா தலையில் சாக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு மலையேறிவிடுவார். கரையான் புற்றில் முளைக்கிற காளானைத்தான் நாங்கள் சாப்பிடுவோம். அதன் தண்டு மண்ணுக்குள் நீள வேராக இறங்கும். அப்பா விரலை விட்டு, வேர் அறுந்துவிடாமல் உருவி எடுப்பார். வேர் இருந்தால்தான் அது திங்கிற காளான்.

நான் அப்போது ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த பெரிய மனுஷி. விஞ்ஞானப் புத்தகத்தில் காளானைப் பற்றி ஒரே ஒரு பக்கம் படித்திருந்தேன். அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு வீட்டில் நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது. "அப்பா, காளான் செடி இல்ல, பங்கசு" என்பேன், பூஞ்சைக்கு எங்கள் புத்தகத்துப் பேர் அது. "அப்ப சட்டியில போடக் கூடாதா?" என்று கேட்பார் அப்பா. அதற்குப் புத்தகத்தில் பதில் இருக்கவில்லை.

இன்னொரு சோதனையும் எங்கள் லயத்தில் இருந்தது. கொதிக்கிற சட்டிக்குள் அம்மா கால் மெட்டியைக் கழற்றிப் போடுவார். வெள்ளி கறுத்தால் நஞ்சு, கறுக்காவிட்டால் சாப்பிடலாம். இது சுத்தப் பொய் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நஞ்சுக்கும் வெள்ளிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அன்றைக்கும் அந்த மெட்டி பளபளவென்றுதான் வெளியே வந்தது.

அன்றைக்கு என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்னால் எங்கள் லயத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யார் காளான் கொண்டுவந்தாலும் அந்த வீட்டில் மட்டும் ஆக்கித் தின்ன முடியாது. ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு கிண்ணம் போக வேண்டும். போன பிறகுதான் ஆக்கிய வீட்டில் இலை போடலாம். மறைத்துச் சாப்பிடவும் முடியாது. எங்கள் லயத்தில் நடுச்சுவர்கள் கூரைவரை போகாது, வாசம் கடைசிக் காம்பராவரை நடந்து போய்ச் சேதி சொல்லிவிடும்.

அன்று ஆக்கி முடித்ததும், முதல் கிண்ணத்தை அம்மா என் கையில் கொடுத்து, "பாக்கியத்துக்குக் குடு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாக்கியம் அத்தை பக்கத்துக் காம்பரா. புருஷனும் பிள்ளைகளும் கொழும்பில் கடையில் வேலை, இவர் தனியாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ப் பீலியில் யார் குடம் முதலில் என்று தொடங்கிய சண்டையில், அம்மாவுக்கும் அவருக்கும் தீபாவளியிலிருந்தே பேச்சு வார்த்தை இல்லை. "என்ன முழிக்கிற? கொண்டு போ. போதும் இந்தச் சண்ட" என்றார் அம்மா. நான் கொண்டுபோய் நீட்டினேன். அத்தை என்னையும் பார்த்தார், கிண்ணத்தையும் பார்த்தார், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மற்றக் கிண்ணங்களையும் கொடுத்து முடித்துத் திரும்பியபோது அம்மா சாக்கைக் கூட்டிக்கொண்டிருந்தார். அப்பா நறுக்கிப் போட்டிருந்த அடிக்காம்புகளில் ஒன்றைக் கையில் எடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார். வேரே இல்லை. அடி உருண்டையாக இருந்தது, மேலே பாவாடைக் கரை மாதிரி ஒரு வளையம்.

"ஏங்க, இது எங்க புடுங்குனது?"

அப்பா தலையைச் சொறிந்தார். "புத்துல கெடச்சது பத்தல புள்ள. லயம் பூராக் குடுக்கணுமே. வர்ற வழியில பெரட்டுக் களத்துப் புல்லுல கொஞ்சம் இருந்துச்சு. பாக்க ஒண்ணு போலத்தான..."

பாருங்கள், வேறு எந்த ஊரில் இந்தத் தவறு நடக்கும்? தனக்கு மட்டும் என்றால் அப்பா புற்றோடு நின்றிருப்பார். ஊருக்குப் பங்கு குறைந்துவிடுமே என்ற வெட்கத்தில்தான், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் அந்தக் களத்துப் புல்லில் குனிந்தார்.

அம்மா அத்தை வீட்டுக்கு ஓடினார். நான் மற்ற வீடுகளுக்கு ஓடினேன். என்ன சொல்லிக் கேட்பது? கொடுத்த கறியைத் திருப்பிக் கேட்பது மாதிரி அசிங்கம் லயத்தில் வேறு இல்லை. "அம்மா உப்புப் போட மறந்துட்டாங்களாம், இந்தா போட்டுக் குடுத்துர்றேன்" என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டுக் கிண்ணங்களைப் பிடுங்கினேன். நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் துணி துவைத்துக் குளித்து முடிக்கவே மத்தியானம் தாண்டும். யாரும் வாயில் வைத்திருக்கவில்லை.

பாக்கியம் அத்தை வைத்துவிட்டிருந்தார். நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது அவர் கிண்ணத்தை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ருசியாத்தான் இருந்துச்சுக்கா" என்றார் அத்தை. தீபாவளிக்குப் பிறகு அம்மாவிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. அம்மா தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

அதற்குப் பிறகு காத்திருந்தோமே, அந்த நேரம் மாதிரி ஒன்றை நான் பிறகு அனுபவிக்கவில்லை, என் பிரசவத்தில்கூட இல்லை. அப்பா வாசலுக்கும் சாக்கடைக் கானுக்கும் நடந்துகொண்டிருந்தார். அம்மா அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தை எடுத்து அந்த ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "எனக்கு ஒண்ணும் செய்யல, போய் ஆக்குற வேலயப் பாருங்க" என்று அத்தை அதட்டினார். அதட்டி முடிப்பதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கானோரம் ஓடினார். பிறகு வாந்தி நிற்கவே இல்லை.

மேல் லயத்துக்கு ஓடி லொறி டிரைவரை எழுப்பிக்கொண்டு வந்தது நான். பூண்டுலோயா ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் அத்தையின் தலை அம்மா மடியில் உருண்டது. "எனக்கு ஏதாச்சும் ஆனா ஒன்னத்தான் சொல்லுவாங்க" என்று அத்தை முனகினார். உண்மைதான். லயம் அதற்குள் பேசத் தொடங்கியிருந்தது. பகையை வைத்துக்கொண்டு முதல் கிண்ணம் ஏன் அவளுக்குப் போனது? மற்றக் கிண்ணங்களை மட்டும் ஏன் ஓடி ஓடித் திருப்பி வாங்கினார்கள்? அம்மாவின் நகம் என் கையில் பதிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, சேலைன் ஏற்றி, சாயங்காலம் அத்தை கண்ணைத் திறந்தார். நர்ஸ் ஒரு சிங்களப் பெண். பொலிசுக்குச் சொல்ல வேண்டும் என்று, "கவுத துன்னே?" என்று கேட்டார். யார் கொடுத்தது என்றுதான். அதற்குள் லயத்திலிருந்து பார்க்க வந்த பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அம்மா சுவரோடு சுவராக நின்றார்.

"யாரும் குடுக்கல" என்றார் அத்தை. "நானே பொறுக்கி ஆக்குனேன்."

"பொன்னம்மா அக்கா குடுத்த கறி?" என்று ஒருத்தி விடாமல் கேட்டாள். பொன்னம்மா என்பது என் அம்மா.

"அவ குடுத்தத நான் சாப்புடுவேனா? பீலியில என்னப் பேசுன பேச்சுக்கு? கானுல ஊத்திட்டேன்!"

சத்தியமாகச் சொல்கிறேன், யாருமே சந்தேகப்படவில்லை. அந்தச் சண்டையை லயம் முழுக்கப் பார்த்திருந்தது அல்லவா. என் உப்புப் பொய்யும் அதோடு கச்சிதமாகச் சேர்ந்துகொண்டது. மற்றவர்கள் போன பிறகு அம்மா அவர் கையைப் பிடித்து, "ஏன்டி அப்படிச் சொன்ன?" என்றார். "பின்ன? ஒன்னப் பொலிசுல வச்சுட்டு நான் யாரோட சண்ட போடுறது?" என்றார் அத்தை.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். பொய் நிற்க வேண்டுமென்றால் பகையும் நிற்க வேண்டும். ஆகவே இரண்டு பேரும் பீலியில் முன்னைவிட மும்முரமாகச் சண்டை போட்டார்கள். ஒரு நாள் அத்தை அம்மாவின் குடத்தையே உருட்டிவிட்டார், கொஞ்சம் அதிகம்தான். இருட்டியதும் நடுச்சுவருக்கு மேலாகக் கிசுகிசுவென்று கதை தொடங்கும். "குடம் நெளிஞ்சிருச்சாக்கா?" "நெளியாம? பாவி, மெதுவா உருட்டக் கூடாதா?" இந்தப் பக்கம் அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அதற்குப் பிறகு அப்பா காளானுக்கு மலையேறவே இல்லை. எத்தனை இடி இடித்தாலும் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். அது என்ன காளான் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

போன வருஷம் அத்தை தவறிப்போனார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு லயத்துக்குப் போனேன். எங்கள் காம்பராவில் பூட்டுத் தொங்கியது. லயத்தில் பாதிக்கு மேல் பூட்டுத்தான், எல்லாரும் கொழும்புக்கும் வத்தளைக்கும் போய்விட்டார்கள். மிச்சப் பேரின் பிள்ளைகள் தனிவீடு கட்டிப் போய்விட்டார்கள். புற்று இருந்த மலை காடாகிக் கிடந்தது. அத்தை வீட்டில் மட்டும் கொழும்பிலிருந்து வந்த சனம் நிறைந்திருந்தது.

அத்தையைக் கிடத்தியிருந்த பெட்டியின் ஓரத்தில் அம்மா உட்கார்ந்தார். பிறகு திடீரென்று நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: "கானுல ஊத்துனேன்னு சொன்னது பொய். நான் குடுத்தத அவ சாப்புட்டா. பகைய வச்சுக்கிட்டு, ஒரு வார்த்த கேக்காமச் சாப்புட்டா. கிண்ணத்த வழிச்சுச் சாப்புட்டா."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தையின் பேத்தி, நல்ல பிள்ளை, அம்மாவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"என்னத்தச் சாப்புட்டாங்க, பாட்டி?"

"காளான்."

"காளானா? அதுக்கு ஏன் இப்புடி அழுவுறீங்க?"

அம்மா அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு வந்து, கடைசியில் என்னிடம் நின்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்று அந்தப் பொய்யை நம்பிய பெண்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.