உப்பில்லாமல் பழனிக்கு

எழுதிப் பழகாதவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பேனே தவிர, நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டேன். ஆனால் போன பங்குனியில் நடந்ததை என் மனைவி ஊரெல்லாம் அவள் இஷ்டத்துக்குச் சொல்லி வருகிறாள். என் பங்குக்கும் சொல்ல ஆசை.

மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனால் பழனிக்கு நடந்து வருவதாக அவள் வேண்டியிருந்தாள். நடப்பது மட்டுமல்ல. வீட்டுப் படி இறங்கியதிலிருந்து முருகனைப் பார்க்கும்வரை உப்பில்லாத சாப்பாடு. நாக்கில் உப்புப் பட்டால் திரும்பப் போய் வீட்டிலிருந்து நடக்க வேண்டும். அது அவளே போட்டுக்கொண்ட சட்டம். பிரசவம் நல்லபடியாக முடிந்தது. துணைக்கு நானும் அவள் தம்பியும் போனோம்.

வெயிலில் வேர்த்து ஊற்றியது. நான் அக்கறையாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே வந்தேன். அவளும் வாங்கி வாங்கிக் குடித்தாள். தாராபுரம் தாண்டிப் பாதித் தூரம் வந்ததும் தலைவலி என்றாள். கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாள். நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? இன்னும் தண்ணீர் கொடுத்தேன்.

நடந்து வருகிறவர்களுக்காக ரோட்டோரம் மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். அங்கே ஒரு இளம் டாக்டரம்மா.

"சாப்பாட்டுல உப்பே இல்லீங்களா? தண்ணி மட்டும் நெறையக் குடிச்சீங்களா?"

"குடிச்சாங்களாவா? மாமா குளத்தையே தூக்கீட்டு வந்தாருங்க" என்றான் மச்சினன்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். உடம்பிலுள்ள தண்ணீர் எல்லாம் ரத்தத்தில் இல்லையாம். பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத செல்களுக்குள்ளே இருக்கிறது. மீதிதான் செல்களைச் சுற்றியும் ரத்தத்திலும். செல்லின் மேலிருக்கும் மெல்லிய சவ்வு தண்ணீரைத் தாராளமாக விடும், உப்பை அப்படி விடாது. உப்பு பெரும்பாலும் வெளியிலேயே நின்று தண்ணீரைத் தன் பக்கம் பிடித்து வைத்திருக்கும். வேர்வையில் உப்புப் போய், வெறும் தண்ணீராக உள்ளே ஊற்றினால், பிடித்து வைக்க ஆளில்லாமல் தண்ணீர் செல்லுக்குள் புகுந்து அதை வீங்க வைக்கும்.

"மூளைல இருக்கற செல்லும் வீங்குமுங்க. மண்டையோட்டுக்குள்ள வீங்கறதுக்கு எடம் ஏதுங்க? அதான் தலைவலி. இப்படியே விட்டா நெனவு தப்பி ஃபிட்ஸ் வந்துரும்."

நான் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். டாக்டர் உப்புச் சர்க்கரைக் கரைசலை நீட்டினார். இவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"அப்ப ஊசி வழியா நரம்புல ஏத்தறேனுங்க்கா."

"அந்த பாட்டில்லயும் உப்புத்தானுங்களே?"

டாக்டர் பொய் சொல்லவில்லை. "ஆமாங்க."

"வேண்டாமுங்க."

"அக்கா, நரம்புக்கு ஏது நாக்கு?" என்றான் தம்பி.

"நீ வாய மூடு."

அக்கம்பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். நான் சாதாரணமாக இந்த மாதிரிச் சமயத்தில் டீ வாங்கி வரக் கிளம்பிவிடுவேன். ஆனால் அவள் கண் சொருகுவதைப் பார்த்ததும் என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

"வர்ற வழியெல்லாம் உதட்டுல வேர்வை வழிய வழிய நக்கீட்டுத்தான வந்தே? அது உப்பில்லியா?"

முகாமே என்னைத் திரும்பிப் பார்த்தது. அவள் சளைக்கவில்லை.

"அது என்ற ஒடம்புல ஊறுன உப்புங்க. கடைல வாங்குனதா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அப்ப வம்பே இல்லீங்க்கா. நீங்க வழில கொட்டீட்டு வந்த உங்க உப்பைத்தான் திருப்பி உள்ள வெக்கப்போறோம்."

அவள் தொங்கிய பாட்டிலை ஏற இறங்கப் பார்த்தாள். "நாக்குல படாதுங்களே?"

"ஒரு சொட்டுக்கூடப் படாதுங்க."

கையை நீட்டினாள்.

பொழுது சாயும்போது தலைவலி இறங்கி, தம்பியைத் திட்ட ஆரம்பித்தாள். அதைக் கேட்ட பிறகுதான் நான் உட்கார்ந்தேன். தாகம் எடுத்தால் மட்டும் தண்ணீர், வெயிலில் நடக்கக் கூடாது என்று டாக்டர் என்னிடம்தான் கண்டித்துச் சொன்னார்.

மறுநாள் விடியலில் டாக்டர் இன்னொரு முறை பார்த்து அனுப்பினார். வெயில் நேரத்தில் படுத்துக் கிடந்து, இருட்டும்போது பழனி சேர்ந்தோம். சாமி கும்பிட்டு இறங்கியதும் அவள் தயிர்சாதமும் ஊறுகாயும் சாப்பிட்டாள்.